காபி யார் விருப்பம்?

கேள்வி: காலையில் காபி இல்லாமல் முடியவில்லை. இது என் ஆசையா, யாராவது பழக்கிவிட்டதா?
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: இரண்டும்தாம்மா. 1820 வாக்கில் சேலம் கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டில் காபி நட்டபோது நம் வீடுகளில் காலையில் நீராகாரம்தான். இரண்டாம் உலகப்போரில் ஏற்றுமதி படுத்துவிட, 1942-ல் சட்டம் போட்டு அமைத்த காபி வாரியம் காபி ஹவுஸ்களை நடத்தி, விளம்பரம் செய்து, உள்ளூர் நாக்கைத் தேடி வந்தது. நாமும் சும்மா குடிக்கவில்லை. சிக்கரி, டிகாக்‌ஷன், டபரா என்று நம் ருசிக்கு இழுத்தோம், அதற்கேற்ப வறுத்து அரைக்கும் கடைகள் வந்தன, அந்த வாசனையில் அடுத்த தலைமுறையும் பழகிவிட்டது. நீராகாரத்துக்குத்தான் வாரியமும் இல்லை, கடையும் இல்லை. எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம். பிள்ளைகளுக்கு ஒரு வாரம் கொடுத்துப் பாருங்களேன்.