லண்டனில் 18 சதுர மீட்டர் அறைக்கு எப்படி அனுமதி கிடைக்கிறது?

கேள்வி: லண்டனில் நூற்றுக்கணக்கான அறைகளோடு கோ-லிவிங் கட்டடங்கள் (ஆளுக்கு ஒரு சின்ன வாடகை அறை, சமையலறை போன்றவை பொது) எழும்புகின்றன. ஒரு ஆள் இருக்கும் வீட்டுக்கே 37 சதுர மீட்டர் வேண்டும் என்கிறார்கள். இவர்களுக்கு மட்டும் 18, 20 சதுர மீட்டரில் எப்படி அனுமதி கொடுக்கிறார்கள்?

சுருக்கமாகச் சொன்னால், அந்த அறை வீடே இல்லை. அது வீடாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் பாதி விதிகளை எழுதியிருக்கிறார்கள்.

நான் லண்டனில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இந்த வகைத் திட்டங்களின் வரைபடங்கள் அவ்வப்போது என் மேசைக்கும் வரும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் சொல்லும் 37 சதுர மீட்டர் (சுமார் 400 சதுர அடி) இங்கிலாந்து முழுவதற்குமாக 2015-இல் வந்த அளவுகோல். புதிதாகக் கட்டும் தனி வீடுகளுக்கும் பிளாட்டுகளுக்கும் அது பொருந்தும். திட்டமிடல் மொழியில் அவை சி3 வகை. கோ-லிவிங் அந்த வகைக்குள்ளேயே வராது. எந்தப் பெட்டியிலும் அடங்காதவற்றுக்கென்று ‘சூயி ஜெனரிஸ்’ என்று ஒரு தனி வகை வைத்திருக்கிறார்கள். இது அதில் போய் உட்கார்ந்துகொள்கிறது. 37 கணக்கு அங்கேயே கழன்றுவிடும்.

ஆரம்பத்தில் இதற்கென்று லண்டனுக்குத் தனி விதி எதுவும் கிடையாது. 2016-இல் வில்லெஸ்டன் ஜங்ஷன் பக்கம், கால்வாய் ஓரமாக, ‘தி கலெக்டிவ் ஓல்டு ஓக்’ திறந்தார்கள். 546 அறைகள். பல அறைகள் பத்து, பன்னிரண்டு சதுர மீட்டர்தான். சிலவற்றில் இரண்டு அறைகளுக்கு நடுவே ஒரு சின்னச் சமையலிடம். அந்த நிறுவனம் 2021-இல் திவால் நிர்வாகத்துக்குப் போனது வேறு கதை. ஆனால் ‘இப்படியும் கட்டலாமா’ என்று மற்ற பில்டர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தது அதற்கு அப்புறம்தான். நகர நிர்வாகமும் விதி எழுதியே ஆக வேண்டும் என்ற நிலைக்கு வந்தது.

அந்த விதி 2021 மார்ச்சில் வந்த லண்டன் பிளானில், அதாவது நகரம் முழுவதற்குமான திட்டமிடல் ஆவணத்தில், எச்16 என்ற கொள்கையாக இருக்கிறது. பொதுவாக 50 அறைகளும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களுக்கு இது. முழுக் கட்டடமும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்க வேண்டும். எல்லாம் வாடகைக்குத்தான், தனித்தனியாக விற்க முடியாது. வாடகை ஒப்பந்தம் மூன்று மாதத்துக்குக் குறையக் கூடாது. அது இல்லாவிட்டால் சில நாள் தங்கிப் போகிறவர்களுக்கான ஹாஸ்டலாக மாற்றிவிடுவார்கள் என்ற பயம். பொதுச் சமையலறை, உள்ளே உட்காரச் சாப்பிடப் பொது இடம், மொட்டை மாடியோ தோட்டமோ, துணி துவைத்துக் காயவைக்க வசதி, வரவேற்பில் ஆள், படுக்கை விரிப்பு மாற்றுவது அல்லது அறை சுத்தம் செய்வது, இவ்வளவும் வேண்டும். நடந்தோ சைக்கிளிலோ பஸ், ரயிலிலோ போகக்கூடிய இடத்தில்தான் கட்ட வேண்டும், காரை நம்பிக் கட்டக் கூடாது.

2021 கொள்கையில் அறைக்கு அளவு எதுவும் போடவில்லை. ‘போதுமான இடம்’ என்று மட்டும் இருந்தது. போதுமானது எவ்வளவு என்று ஒவ்வொரு விண்ணப்பத்திலும் மல்லுக்கட்டு. 2024 பிப்ரவரியில் வந்த வழிகாட்டுதல்தான் எண்ணைப் போட்டது: குறைந்தது 18, அதிகபட்சம் 27 சதுர மீட்டர். சக்கர நாற்காலி புழங்கும் அறைகளுக்கு மட்டும் இதைவிடப் பெரிய அளவு.

குறைந்தபட்சம் போட்டதை யாரும் புரிந்துகொள்வார்கள். உச்சவரம்பு எதற்கு? பெரிய அறை கொடுத்தால் நல்லதுதானே என்று தோன்றும். விஷயம் இதுதான்: 32 சதுர மீட்டரில் அறை, உள்ளேயே குளியலறை, நல்ல சமையல் மேடை என்று போனால் அது கிட்டத்தட்ட ஒரு சிறிய பிளாட். பிளாட்டுக்குரிய 37-ஐயும் தராமல், கோ-லிவிங் என்ற பெயரில் பிளாட் கட்டிவிடலாம். அதை அடைக்கத்தான் 27 என்ற கூரை. நான் பார்த்ததில் இந்த விதித் தொகுப்பிலேயே புத்திசாலித்தனமான வரி இதுதான்.

அறையில் குறைத்ததைப் பொது இடத்தில் கொடுக்க வேண்டும் என்பது அடுத்த கணக்கு. முதல் 100 பேருக்குத் தலைக்கு 4 சதுர மீட்டர், 101 முதல் 400 வரை தலைக்கு 3, அதற்கு மேல் 2. 300 பேர் இருக்கும் கட்டடம் என்றால் 400-உம் 600-உம் சேர்த்து 1,000 சதுர மீட்டர். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இடத்தை எங்கே வைக்கிறார்கள் என்பதில்தான் சூட்சுமம். அலுவலக மேசைகள், சினிமா அறை, கீழ்த் தளத்தில் பளபளப்பான லவுஞ்ச் எல்லாம் விளம்பரப் படத்துக்கு உதவும். பதினோராவது மாடியில் இருப்பவர் சாம்பார் வைக்க லிஃப்டில் பருப்பைத் தூக்கிக்கொண்டு கீழே வர வேண்டும் என்றால் வர மாட்டார். தன் அறையிலேயே மைக்ரோவேவில் எதையாவது சூடு பண்ணிச் சாப்பிடுவார். என்னைக் கேட்டால் அனுமதி தரும் கவுன்சில்கள் (உள்ளூராட்சி மன்றங்கள்) விட்டுக்கொடுக்காமல் நிற்க வேண்டிய இடம் சமையலறைதான். ஒவ்வொரு தளத்திலும், இல்லாவிட்டால் ஒரு தளம் விட்டு ஒரு தளத்திலாவது இருக்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயம். ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ நம் பிள்ளைகள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு வீட்டில் அறை எடுத்து இருக்கிறார்களே, அதற்கு இந்த விதிகள் பொருந்தாது. உரிமம் தேவைப்படும் பகிர்வு வீடுகளில் பெரியவர் ஒருவர் தூங்கும் அறை 6.51 சதுர மீட்டர், அதாவது 70 சதுர அடி இருந்தால் போதும் என்று 2018-இல் விதி வந்தது. அதோடு ஒப்பிட்டால் 18 என்பது தாராளம். கோ-லிவிங்கைக் கோழிக்கூடு என்று திட்டுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம் பணம். லண்டனில் பெரிய வீட்டுத் திட்டம் என்றாலே அதில் ஒரு பங்கு மலிவு வீடாக இருக்க வேண்டும். கோ-லிவிங்கில் அதை உள்ளேயே தரவிடுவதில்லை. காரணம் எளிது: வீட்டு அளவுகோலை எட்டாத அறையை மலிவு வீடு என்று ஒரு குடும்பத்தின் தலையில் கட்ட முடியாது. அதற்குப் பதிலாகப் பணமாகக் கட்டச் சொல்கிறார்கள். 35 சதவீத அறைகளைச் சந்தை வாடகையில் பாதிக்கு விட்டால் எவ்வளவு இழப்போ, அதற்கு ஈடான தொகை. பொதுத்துறை நிலமோ, வீடு கட்ட விடப்பட்ட தொழிற்சாலை நிலமோ என்றால் 50 சதவீதம். ஒரே தடவையாகவும் கட்டலாம், வருடா வருடம் என்றென்றைக்கும் கட்டுவதாகவும் இருக்கலாம். புரிவதற்காக ஒரு கணக்கு: 200 அறை, மாத வாடகை 1,600 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 35 சதவீதம் 70 அறை. அறைக்கு 800 வீதம் மாதம் 56,000, வருடத்துக்கு 6,72,000 பவுண்டு. ‘இவ்வளவு கட்டினால் திட்டமே தாங்காது’ என்று பில்டர் கணக்குக் காட்டினால் அதைத் தனியாக ஆராய்வார்கள், தொகை குறையவும் வாய்ப்பு உண்டு. அந்தப் பணத்தை வைத்து கவுன்சில் வேறு இடத்தில் உண்மையான வீடு கட்ட வேண்டும். நிலம் கிடைத்துக் கட்டி முடிக்க வருடங்கள் ஆகும், கோ-லிவிங் கட்டடம் அதற்குள் நிரம்பிவிடும். எனக்கு உறுத்துவது இதுதான்.

கவுன்சில்கள் ஏன் சம்மதிக்கின்றன என்பதற்கும் ஒரு எண் உண்டு. தங்கள் பகுதியில் இத்தனை வீடு கட்ட வேண்டும் என்று அவர்களுக்கு உள்ள இலக்கில் 1.8 அறையை ஒரு வீடாகக் கணக்கு வைக்கலாம். ஓல்டு ஓக் அளவில் 546 அறை என்றால் ஏறத்தாழ 303 வீடு கட்டியதாகக் காட்டலாம். இலக்கை எட்ட முடியாமல் திணறும் கவுன்சிலுக்கு இது சின்ன விஷயமில்லை.

மூன்று மாத விதியில் இப்போது ஒரு சிக்கல். வாடகைதாரர் உரிமைச் சட்டப்படி 2026 மே 1 முதல், இந்தக் காலம் வரை இருந்தே ஆக வேண்டும் என்ற ஒப்பந்தம் செல்லாது. இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு வாடகைதாரர் கிளம்பலாம். கோ-லிவிங்கில் உங்களுக்குத் தருவது அந்தச் சட்டத்துக்குள் வரும் டெனன்சி (வாடகைதாரர் உரிமையோடு கூடிய ஒப்பந்தம்) என்றால், மூன்று மாதம் கட்டாயம் இருக்க வேண்டும் என்று உங்களைப் பிடித்துவைக்க முடியாது. அதனால் கையெழுத்துப் போடும் முன் அது டெனன்சியா, தங்குவதற்கு அனுமதி மட்டும் தரும் வெறும் லைசென்ஸா என்று கேளுங்கள்.

உங்கள் தெருவில் இப்படி ஒன்று வரப்போகிறது, கருத்துச் சொல்ல வேண்டும் என்பதற்காகக் கேட்டிருந்தால், கவுன்சிலின் இணையதளத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டு நிர்வாகத் திட்டம் என்ற ஆவணத்தை முதலில் படியுங்கள். விண்ணப்பத்தோடு அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று எச்16 சொல்கிறது. இரவில் எத்தனை பணியாளர்கள், குப்பை எப்படிப் போகும், ஒரே நாளில் பலர் குடிவந்தால் வண்டிகள் எங்கே நிற்கும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். உயரத்தைப் பற்றி நூறு பேர் எழுதுவார்கள். குப்பையையும் வண்டியையும் பற்றிக் குறிப்பாகக் கேட்டால் அனுமதியோடு நிபந்தனையாகச் சேர்க்க வாய்ப்பு அதிகம்.