பதில்: காய்ச்சல் விட்டது, ஆனால் பிசிவி 46

தங்கச்சி, மகனுக்கு டெங்கு, நாலாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் இரத்தப் பரிசோதனையில் பிசிவி 38இல் இருந்து 46 ஆகிவிட்டது, களுவாஞ்சிக்குடியில் வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இப்பவே ஆதார வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள்.

எல்லாரும் பிளேட்லெட்டையே பார்க்கிறார்கள். எனக்குப் பயம் தருவது பிசிவிதான். இரத்தத்தில் சிவப்பணுக்கள் பிடிக்கும் பங்கு அது. டெங்குவில் இரத்தக்குழாயிலிருந்து நீர்ப்பகுதி கசிந்தால் இரத்தம் தடித்து அது ஏறும். 20 சதவீதம் ஏறினாலே கசிவு என்று எடுப்பார்கள். உங்கள் மகனுக்கு 38இல் 8 கூடியிருக்கிறது, அது 21 சதவீதம். கசிவு பெரும்பாலும் காய்ச்சல் விடும் நேரத்தில்தான் தொடங்கும். வார்டில் அடிக்கடி பிசிவி பார்த்துத்தான் சேலைன் அளவை முடிவு செய்வார்கள். பிசிவி திடீரென்று இறங்கினால் உள்ளே இரத்தம் போகிறதா என்றும் பார்ப்பார்கள். பழைய ரிப்போர்ட்டையும் கட்டாயம் கொண்டு போங்கள். இபுபுரூபன், அஸ்பிரின் கொடுக்கவே வேண்டாம்.