பாலைவன ஊரில் வீட்டுத் தோட்டத்துக்கு எந்தப் பருவத்தில் எவ்வளவு தண்ணீர் விட வேண்டும்?

உங்கள் கேள்வி இது: அமெரிக்காவின் அரிசோனாவில், பீனிக்ஸ் பக்கம் வீடு வாங்கி முதல் கோடை இப்போதுதான் முடிந்திருக்கிறது. டைமர் வைத்துத் தினமும் பத்து நிமிடம் சொட்டுநீர் ஓடுகிறது. அப்படியும் எலுமிச்சை இலை நுனி கருகுகிறது, தண்ணீர் பில் ஏறிக்கொண்டே போகிறது. எந்த மாதம் எவ்வளவு விடுவது?

நான் பக்கத்து ஊர், சாண்ட்லர். இங்கே வந்து பதினொரு வருடம் ஆகிறது. உங்கள் கேள்வியைப் படித்ததும் என் முதல் வருடம் அப்படியே ஞாபகம் வந்தது. அதே பத்து நிமிடம், அதே எலுமிச்சை. இலை கருகுவதைப் பார்த்து, பாவம், தாகம் போல என்று பத்தைப் பதினைந்து ஆக்கினேன். இன்னும் கருகியது. வேரைச் சுற்றி மண்மேல் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாக ஒரு படலமும் வந்தது.

பக்கத்து வீட்டில் இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு பெரியவர் இருந்தார். ஒருநாள் காலையில், தண்ணீர் ஓடி முடிந்த கையோடு, மூன்றடி நீளத்தில் ஓர் இரும்புக் கம்பி எடுத்து வந்தார். மரத்தடியில் நட்டு உள்ளங்கையால் அழுத்தினார். நாலு விரற்கடை போனது. அப்புறம் டக்கென்று நின்றுவிட்டது. இன்னும் இரண்டு இடத்தில் குத்தினார், அங்கேயும் அதே நாலு விரற்கடைதான். ஈர மண்ணில் கம்பி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கும், காய்ந்த மண் வந்ததும் நிற்கும். ஈரம் நின்ற இடத்தைக் கட்டைவிரலால் பிடித்துக் காட்டிவிட்டு, கம்பியை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். இன்றைக்கும் என் கராஜில் அது இருக்கிறது. தோட்டத்துக்கு நான் செய்த ஒரே உருப்படியான செலவு எது என்று கேட்டால், காசே கொடுக்காமல் வந்த அந்தக் கம்பியைத்தான் சொல்வேன்.

கணக்குப் போட்டால் ஏன் என்று புரியும். மரத்தடியில் மணிக்கு இரண்டு கேலன் விடும் டிரிப்பர், அதாவது சொட்டு விழும் முனை, மூன்று இருந்தன. பத்து நிமிடத்துக்கு மொத்தமே ஒரு கேலன், நாலு லிட்டர்கூட இல்லை. பத்தடி அகலம் படர்ந்த மரத்தின் நிழற்பரப்பில் அதைப் பரப்பினால் அரை மில்லிமீட்டர் மழைக்குச் சமம். இங்கே ஜூன் மாதத்தில் வெயிலும் காற்றும் ஒரு நாளைக்கு எட்டு மில்லிமீட்டர் வரை உறிஞ்சும். விட்ட தண்ணீர் வேருக்குப் போவதற்குள் ஆவியாகிவிடும். தண்ணீர் போய்விட்டது, அதில் இருந்த உப்பு மட்டும் தங்கிவிட்டது.

இந்த உப்பு விஷயம் முக்கியம். நமக்கு வரும் தண்ணீரில் ஒரு பங்கு கொலராடோ ஆற்றிலிருந்து 336 மைல் கால்வாயில் வருகிறது. லிட்டருக்குச் சுமார் 600 மில்லிகிராம் உப்பு அதில் கரைந்திருக்கும். இன்னொரு பங்கு சால்ட் ஆற்றுத் தண்ணீர். பெயரே உப்பாறு. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் அந்த உப்பு மேல் நாலு விரற்கடையிலேயே குவியும், வேரும் அங்கேயே நிற்கும். இலை நுனி கருகுவது பெரும்பாலும் இந்த உப்பால்தான். அதைத் தாகம் என்று எண்ணி இன்னும் ஐந்து நிமிடம் கூட்டினால் இன்னும் கொஞ்சம் உப்பைத்தான் ஊட்டுகிறோம்.

ஆகவே நான் கற்றுக்கொண்டது இதுதான்: எந்தப் பருவமானாலும் தண்ணீர் இறங்கவேண்டிய ஆழம் மாறாது. மாற்ற வேண்டியது இரண்டு தண்ணீருக்கு நடுவில் உள்ள நாள் இடைவெளியை மட்டும். பூச்செடி, கள்ளி என்றால் ஓரடி, புதர்ச்செடிக்கு இரண்டடி, மரத்துக்கு மூன்றடி. கம்பி அந்த ஆழம் வரை இறங்கும்படி ஒருமுறை நேரத்தைக் கண்டுபிடித்துவிட்டால் அந்த நேரத்தை அப்புறம் தொட வேண்டாம். என் எலுமிச்சைக்கு இப்போது மணிக்கு நாலு கேலன் விடும் டிரிப்பர் எட்டு இருக்கின்றன, மூன்று மணி நேரம் ஓடும், சுமார் 360 லிட்டர். உங்கள் மண் வேறாக இருக்கலாம், உங்கள் கம்பியைக் கேளுங்கள். டிரிப்பர் எதுவும் தண்டை ஒட்டி இருக்கக் கூடாது. உண்ணும் வேர் கிளை முடியும் ஓரத்துக்கு நேர் கீழே இருக்கிறது. மரம் அகலம் ஆக ஆக டிரிப்பரும் நகர்ந்து போக வேண்டும். வீடு கட்டியவர்கள் தண்டடியில் வைத்துவிட்டுப் போனது பத்து வருடம் கழித்தும் தண்டடியிலேயே இருப்பதைத்தான் பெரும்பாலான வீடுகளில் பார்க்கிறேன்.

இது ஒன்றும் புதுசு இல்லை. பீனிக்ஸின் பழைய தெருக்களில் இன்னும் வாய்க்கால் பாசனம் இருக்கிறது தெரியுமா? வீட்டைச் சுற்றித் தாழ்வாகக் கரை கட்டி, முறை வரும்போது மடை திறந்து முற்றம் முழுக்கத் தண்ணீர் கட்டுவார்கள். நம் ஊர் முறைத்தண்ணீர் அப்படியே. ராத்திரி இரண்டு மணிக்கு முறை வந்தால் இரண்டு மணிக்கு எழுந்து போக வேண்டும். கோடையில் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை, அவ்வளவுதான். அங்கே நிற்கும் ஆரஞ்சு, கிரேப்ஃப்ரூட் மரங்களை ஒருமுறை போய்ப் பாருங்கள். அந்த வாய்க்கால்களுக்கும் முன்னால், இதே பள்ளத்தாக்கில் ஹோஹோகம் என்ற பூர்வகுடி மக்கள் நூற்றுக்கணக்கான மைல் கால்வாயைக் கையால் வெட்டி மக்காச்சோளம் விளைவித்தார்கள். இன்றைய கால்வாய்கள் சில அவர்கள் வெட்டிய தடத்திலேயே ஓடுகின்றன. அந்தப் பழைய ஊரின் சாம்பலிலிருந்து எழுந்தது என்றுதான் நகரத்துக்கே பீனிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள்.

இனிப் பருவத்துக்கு வருகிறேன். இந்தச் சோனோரா பாலைவனத்துக்கு நாலு இல்லை, ஐந்து பருவம். வசந்தம், வறண்ட முன்கோடை, மான்சூன், இலையுதிர்காலம், குளிர்காலம். இங்கேயும் மான்சூன் என்றுதான் சொல்கிறார்கள், ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை.

கொடுமையானது மேயும் ஜூனும். மழையும் கிடையாது, காற்றில் ஈரமும் கிடையாது. எலுமிச்சைக்கு அப்போது ஏழிலிருந்து பத்து நாளுக்கு ஒரு தண்ணீர். பாலோ வெர்டே, மெஸ்கீட் போன்ற பாலைவன மரம் வேர் பிடித்துவிட்டால் இரண்டு மூன்று வாரம் தாங்கும். மத்தியானம் மூன்று மணிக்கு இலை தொங்கினால் பதறி ஓடாதீர்கள், அது சூட்டில் தொங்குவது. காலை ஆறு மணிக்கும் தொங்கினால்தான் தாகம். தண்ணீரை விடியலுக்கு முன்பே ஓட்டி முடியுங்கள். வெயிலில் கிடக்கும் ஹோஸுக்குள் நிற்கும் தண்ணீர் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். குழந்தைமேல் பட்டால் தோல் வெந்துவிடும். முதலில் வருவதை ஒரு பக்கெட்டில் பிடித்து ஆறவிட்டு, அப்புறம் கையால் தொட்டுப் பார்த்துச் செடிக்கு விடுங்கள். 2023இல் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ அடித்தபோது, சாகுவாரோ கள்ளிகளே கை உதிர்ந்து சாய்ந்தன. ராத்திரிகூட ஆறவில்லை. அந்த மாதிரி வெயிலில் கூடுதல் தண்ணீர் காப்பாற்றாது, நிழல்தான் காப்பாற்றும். என் கறிவேப்பிலைத் தொட்டிமேல் மே மாதமே நிழல்வலை கட்டிவிடுவேன்.

மான்சூன் வேறு கதை. வருடத்துக்கே இங்கே 180 மில்லிமீட்டர்தான் மழை. சென்னையில் ஒரு புயல் நாளில் அவ்வளவும் கொட்டிவிடும். உங்கள் தெருவில் பேய்மழை, என் தெருவில் தூறல்கூட இல்லை என்றும் ஆகும். வானிலை அறிக்கையை நம்பாமல் முற்றத்தில் ஒரு நேரான டப்பாவை வையுங்கள். அரை அங்குலம் நின்றால் அடுத்த முறைத் தண்ணீரைத் தள்ளிப்போடலாம். புழுதிப்புயல் தூசு மட்டும்தானே கிளப்பியது, நாமோ மழை பெய்ததாக நினைத்து டைமரை நிறுத்திவிடுவோம், அதுவும் நடக்கிறது.

இந்தப் பருவத்தில்தான் என் மெஸ்கீட் விழுந்தது. நம் ஊர் சீமைக்கருவேலத்தின் பங்காளி அது, லேசில் சாகிற ஜாதி இல்லை. ஆனால் நான் அதைப் பூச்செடியோடு ஒரே வால்வில் கோத்துத் தினமும் தண்ணீர் காட்டியிருந்தேன். மூன்றே வருடத்தில் கூரையைத் தாண்டியது, எனக்கும் பெருமை தாங்கவில்லை. ஆகஸ்டில் ஒரு சாயங்காலம், பத்தே நிமிடக் காற்று. மரம் வேரோடு சாய்ந்து மதில்மேல் கிடந்தது. வேரைப் போய்ப் பார்த்தேன். தோசைக்கல் மாதிரி தட்டையாக, ஓரடிகூட ஆழம் இல்லாமல் படர்ந்திருந்தது. மேலேயே தண்ணீர் கிடைக்கும்போது அது ஏன் கீழே இறங்கும்? அதைப் பார்த்து அன்றைக்கு அழுதேவிட்டேன். மரத்துக்கு ஒரு வால்வ், புதருக்கு ஒன்று, புல்லுக்கு ஒன்று என்று அந்த வாரமே பிரித்தேன். நீங்கள் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள்.

அக்டோபர். வெயில் குறைந்து மனிதர்களுக்கு உயிர் வருகிற மாதம், தண்ணீர் அதிகம் வீணாவதும் இதிலிருந்துதான். செடியின் தேவை சரசரவென இறங்கும், டைமரோ ஜூலையிலேயே நிற்கும். ஜூனில் எட்டு மில்லிமீட்டர் கேட்கும் நிலம் டிசம்பரில் இரண்டுதான் கேட்கும். உங்கள் பில் ஏறுவதற்கு முதல் காரணம் இதுவாகத்தான் இருக்கும். இரண்டாவது, எங்கேயாவது டிரிப்பர் கழன்று பீச்சிக்கொண்டிருப்பது. மாதம் ஒருமுறை வால்வைத் திறந்துவிட்டு முழுத் தோட்டத்தையும் ஒரு சுற்று நடந்து பாருங்கள்.

புல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பெர்முடா என்று இங்கே சொல்வது நம் அருகம்புல் இனம்தான். குளிரில் பழுத்துத் தூங்கும், சாகாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை நனைத்தால் போதும். பச்சை போய்விட்டதே என்று அக்டோபரில் ரை புல் விதைத்தால் முளைக்கும்வரை தினம் மூன்று வேளை தெளிக்க வேண்டும், குளிர்காலம் முழுக்கத் தண்ணீரும் கட்ட வேண்டும். நான் இரண்டு வருடம் விதைத்தேன், பிறகு விட்டுவிட்டேன். பழுப்பு நிறம் கண்ணுக்குப் பழகிவிட்டது.

குளிர்காலத்தில் எலுமிச்சைக்கு இரண்டிலிருந்து நாலு வாரத்துக்கு ஒரு தண்ணீர், பாலைவன மரத்துக்கு மாதம் ஒன்றுகூட வேண்டாம், கள்ளிக்கு ஒன்றுமே வேண்டாம். உறைபனி வரும் என்றால் முந்தின நாளே எலுமிச்சைக்குத் தண்ணீர் கட்டிவிடுங்கள். ஈர மண் பகல் சூட்டைப் பிடித்து ராத்திரி விடும். மேலே பழைய பெட்ஷீட் போர்த்தலாம், பிளாஸ்டிக் வேண்டாம். முருங்கை மேலே கருகிவிடும், பயப்படாதீர்கள், அடியில் சருகு குவித்துவிட்டால் மார்ச்சில் துளிர்க்கும். பிப்ரவரி முடிய இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வந்தால் வசந்தம் தானாகச் சரியாகிவிடும்.

புதிதாக மரம் நடுகிறீர்கள் என்றால் முதலில் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். மறுநாளும் தேங்கி நின்றால் அடியில் சுக்கான் பாறை இருக்கிறது. இங்கே கலீச்சி என்பார்கள். கடப்பாரையால் அதை உடைத்து வழி விடாமல் நட்டால் வேர் அழுகும்.

இப்போது உங்கள் எலுமிச்சைக்கு. தினசரித் தண்ணீரை இன்றைக்கே நிறுத்துங்கள். தண்டடி டிரிப்பர்களைக் கிளை ஓரத்துக்கு நகர்த்துங்கள். வெள்ளைப் படலத்தை மண்வெட்டியால் வழித்து எடுத்துவிட்டு, ஒருநாள் ராத்திரி முழுக்க மெதுவாக ஓடவிடுங்கள். தேங்கியிருக்கும் உப்பு வேரைத் தாண்டிக் கீழே இறங்கட்டும். காலையில் கம்பியைக் குத்திப் பாருங்கள். மூன்றடி போனால் அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு நாள் கணக்கு ஆரம்பம். கருகிய இலை திரும்பப் பச்சையாகாது, அதைப் பார்த்து மனம் தளராதீர்கள், பிப்ரவரியில் வரும் புதுத் தளிரைப் பாருங்கள். எத்தனை அங்குலம் இறங்கியது என்று கீழே எழுதுங்கள், உங்கள் மண்ணுக்கு எத்தனை மணி நேரம் என்று சேர்ந்து கணக்குப் போடலாம்.