புழல் ஏரியில் இறங்கிய விமானம்: கேட்டலினா கிட் கட்டுவது எப்படி?

மாதவரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "யுத்த காலத்தில் என் தாத்தா சின்னப் பையன். செங்குன்றம் ஏரியில் ஏரோப்ளேன் வந்து தண்ணீரில் இறங்கும், கரையில் நின்று பார்ப்போம் என்று சொல்வார். அது கேட்டலினா என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். 1/72 அளவில் ஒரு பிளாஸ்டிக் கிட் வாங்கிவிட்டேன். திறந்து பார்த்தால் சக்கரங்கள் இருக்கின்றன, ஒட்டும் டீக்காலில் அமெரிக்க நட்சத்திரம் இருக்கிறது. தாத்தா பார்த்தது இதுதானா? போன மழைக்காலத்தில் நான் செய்த ஒரு சின்ன விமானத்தில் பெயிண்ட் பால் கொட்டியதுபோல் வெளுத்துவிட்டது. கண்ணாடிப் பாகமும் பனி மூடியதுபோல் மங்கிப்போனது. ஏர்பிரஷ் கிடையாது, பிரஷ்ஷும் ஸ்பிரே டப்பாவும்தான். எட்டாவது படிக்கும் மகனும் கூடச் செய்கிறேன் என்கிறான். எங்கிருந்து தொடங்குவது?"

முதலில் அந்தச் சக்கரத்தைப் பேசிவிடுவோம். அதை முடிவு செய்துவிட்டால் பாதி வேலைக்கு வழி தெரிந்துவிடும்.

கேட்டலினாவை வடிவமைத்தது அமெரிக்காவின் கன்சாலிடேட்டட் நிறுவனம். முதல் மாதிரி பறந்தது 1935 மார்ச்சில். அமெரிக்கக் கடற்படை வைத்த பெயர் பி.பி.ஒய். முதல் இரண்டு எழுத்தும் ரோந்து, குண்டுவீச்சு என்ற இரண்டு வேலைகளைக் குறிக்கும், ஒய் என்பது அந்த நிறுவனத்துக்குரிய எழுத்து. கேட்டலினா என்பது பிரிட்டிஷ்காரர்கள் வைத்த பெயர். இதில் இரண்டு வகை உண்டு. பி.பி.ஒய்-5 சுத்தமான பறக்கும் படகு, அதற்குச் சக்கரமே கிடையாது. பி.பி.ஒய்-5ஏ தண்ணீரிலும் இறங்கும், ஓடுபாதையிலும் இறங்கும். உங்கள் பெட்டியில் இருப்பது இந்த ஏ வகை.

உங்கள் தாத்தா சொன்ன செங்குன்றம் ஏரிதான் புழல் ஏரி. அங்கே 1942-லிருந்து 1945 வரை நின்றவை பிரிட்டிஷ் விமானப்படையின் 240-ஆவது ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு) விமானங்கள். வங்காள விரிகுடாவில் நீர்மூழ்கிகளைத் தேடுவது, கப்பல் கூட்டங்களுக்குத் துணை போவது, எதிரி நடமாட்டத்தைப் பார்த்துச் சொல்வது அவற்றின் வேலை. ஒரு தடவை கிளம்பினால் இருபது மணி நேரம்கூட வானில் இருக்கும். அவை சக்கரமில்லாத படகு வகை. ஆகவே தாத்தா பார்த்தது உங்கள் பெட்டியின் மேல் இருக்கும் படம் அல்ல. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் பிளாஸ்டிக்கிலிருந்து அதை எடுத்துவிடலாம்.

இந்த விமானம் எதற்காகக் கண்காணித்தது என்பதை மகனுக்கு ஒரு சம்பவமாகச் சொல்லுங்கள். 1942 ஏப்ரல் 4 அன்று இலங்கையின் கொக்கலவிலிருந்து கிளம்பிய ஒரு கேட்டலினா, தெற்கே ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல் கூட்டத்தைக் கண்டது. ஓட்டியவர் கனடாவைச் சேர்ந்த லியனார்ட் பர்ச்சல். ஜப்பானியச் சண்டை விமானங்கள் சுட்டு வீழ்த்துவதற்குள் வயர்லெஸ்ஸில் செய்தி போய்விட்டது. மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டபோது ஊர் விழித்திருந்தது. பர்ச்சல் பிடிபட்டு யுத்தம் முடியும்வரை கைதியாக இருந்தார். அதே வாரம் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது, மெட்ராஸிலிருந்து ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறினார்கள். அந்த வருடமே புழல் ஏரிக்குப் பறக்கும் படகுகள் வந்துவிட்டன. நம் பக்கத்துக் குடிநீர் ஏரிக்கும் உலக யுத்தத்துக்கும் உள்ள தொடர்பு இதுதான். நான் பெரம்பூரில் வளர்ந்தவன். எனக்கே இது முப்பது வயதில்தான் தெரிந்தது.

சரி, வேலைக்கு வருவோம். ஏ வகையில் பெரிய சக்கரங்கள் உடம்பின் இரண்டு பக்கமும் பள்ளத்துக்குள் மடங்கும், முன் சக்கரம் மூக்குக்குள் போகும். மூக்குச் சக்கரத்தின் கதவுகளை மூடிய நிலையில் ஒட்டிவிடுங்கள். பக்கவாட்டுப் பள்ளங்களுக்கு அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் அட்டையை அளவாக வெட்டிப் பொருத்துங்கள். அதன்மேல் மாடல்களுக்கான பட்டியைப் பூசுங்கள். ஒரே தடவையில் அப்பாதீர்கள். கார் டிங்கரிங் பட்டறையில் பட்டி பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள், மெல்லியதாகப் பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூசுவார்கள். இங்கேயும் அதேதான். ஒவ்வொரு பூச்சும் ஒரு ராத்திரி காயட்டும். 400 நம்பர் வாட்டர் பேப்பரில் தொடங்கி 1000-த்தில் முடியுங்கள், தண்ணீர் தொட்டே தேயுங்கள். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும்.

இன்னொரு லாபமும் உண்டு. சக்கரத்தோடு நிறுத்தினால் இந்த விமானம் வால் பக்கம் உட்கார்ந்துவிடும், மூக்குக்குள் எடை வைத்தாக வேண்டும். படகு வகைக்கு அந்தக் கவலை இல்லை. (என்றைக்காவது சக்கர வகையைச் செய்தால், காசிமேட்டில் வலைக்குக் கோர்க்கும் ஈயக்குண்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதைவிடப் பொருத்தமான எடை நான் பார்த்ததில்லை. ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடக் கூடாது, அவ்வளவுதான்.)

அடுத்தது இறக்கை. நிஜ விமானத்தில் நுனிக்கு நுனி 31.7 மீட்டர், உங்கள் மாடலில் 44 சென்டிமீட்டர். நீளம் 27. ஷோகேஸில் இடம் இருக்கிறதா என்று இன்றைக்கே டேப் வைத்து அளந்துவிடுங்கள். இறக்கை உடம்போடு நேராக ஒட்டாமல், நடுவில் ஒரு தூணின்மேலும் பக்கத்துக்கு இரண்டு தாங்கு கம்பிகளின்மேலும் நிற்கிறது. கொஞ்சம் சாய்ந்தாலும் வாசலில் நுழையும்போதே கண்ணில் படும். கொத்தனார் நூல் பிடிப்பதுபோல் நீங்களும் பிடியுங்கள்: ஒரு நூலை வால் நுனியிலிருந்து இடது இறக்கை நுனிக்கும், பிறகு வலது நுனிக்கும் பிடித்துப் பாருங்கள், நீளம் ஒன்றாக இருக்க வேண்டும். உயரத்துக்கு, இரண்டு நுனிகளின் கீழும் ஒரே அளவில் புத்தகங்களை அடுக்குங்கள். பசை போட்ட பிறகு ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள். பெயிண்ட் வேலை பெரும்பாலும் முடிந்த பிறகே இறக்கையை ஏற்றுங்கள். ஏற்றிவிட்டால் அடியில் பிரஷ் நுழையாது. பிளாஸ்டிக் பசை பிளாஸ்டிக்கையே கரைத்துப் பிணைக்கிறது. அதனால் ஒட்டும் இடத்தில் பெயிண்ட் இருந்தால் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள்.

கண்ணாடி மங்கியதற்குக் காரணம் உடனே ஒட்டும் சூப்பர் க்ளூ. அது காயும்போது எழும் ஆவி பக்கத்தில் இருக்கும் கண்ணாடிப் பாகத்தில் வெள்ளையாகப் படிந்துவிடும். இந்த விமானத்தின் அழகே பின்பக்கம் இரு புறமும் புடைத்திருக்கும் கண்ணாடிக் குமிழ்கள்தான். கண்காணிப்பவர் அங்கே உட்கார்ந்துதான் கடலைத் துழாவுவார். ஆகவே குமிழுக்கு ஃபெவிகால் போதும். பல்குத்தும் குச்சி நுனியால் விளிம்பில் தொட்டு ஒட்டுங்கள், வழிந்ததை ஈரப் பஞ்சால் துடையுங்கள். காய்ந்தால் தெளிவாகிவிடும். உடம்புக்குள் வேறெங்காவது சூப்பர் க்ளூ போட்டிருந்தால், இரண்டு நாள் ஆறவிட்டு அதன்பிறகு குமிழை மூடுங்கள். பழைய விமானத்தின் மங்கிய மூடியையும் தூக்கிப்போட வேண்டாம். 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் மெதுவாகத் தேய்த்து, பிறகு துணியில் பற்பசை தொட்டு மெருகேற்றுங்கள். புதியதுபோல ஆகாவிட்டாலும் உள்ளே பார்க்கிற அளவுக்குத் தெளியும்.

இனி பெயிண்ட். வடசென்னையில் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களுக்கு நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைப் பற்றித்தான். பெயிண்ட் பால்போல் வெளுத்தது உங்கள் கைக்குற்றம் அல்ல. லேக்கர் வகைப் பெயிண்டில் உள்ள தின்னர் வேகமாக ஆவியாகும். ஆவியாகும்போது பரப்பு குளிரும். காற்றில் ஈரம் நிறைய இருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் தண்ணீர் துளிர்த்து, காயாத பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்ளும். அதுதான் அந்த வெள்ளை. மழை நாளில், ராத்திரியில், விடிகாலையில் ஸ்பிரே அடித்தால் இது நிச்சயம். என்னுடைய முதல் கேட்டலினாவும் ஒரு கார்த்திகை மாத அடைமழையில் இப்படித்தான் போனது. முழுக்கத் தேய்த்தெடுத்து மறுபடி அடிக்க இரண்டு மாதம் ஆனது.

அதனால் நேரம் பார்த்து அடியுங்கள். நம் பக்கத்தில் கோடையில் காலை முழுக்க மேற்கிலிருந்து வறண்ட காற்று, நண்பகலை ஒட்டிக் கடற்காற்று நுழையும். கடற்காற்று வந்ததும் ஈரம் ஏறிவிடும். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்க்காரர்களுக்கு அது முதலில் வரும், மாதவரத்தில் உங்களுக்குச் சற்றுத் தாமதமாக வரும். பத்து மணிக்கு மேல் கடற்காற்று தொடங்கும்வரை உள்ள நேரம்தான் ஸ்பிரேக்கு ஏற்றது. மொட்டை மாடியில் நிழலில் அடியுங்கள், வெயிலில் வேண்டாம். அடித்த கையோடு ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடுங்கள். ஈர பெயிண்டில் லாரித் தூசி விழுந்தால் தேய்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஈரம் தவிர்க்க முடியாத நாளில் பிரஷ்ஷால் அக்ரிலிக் அடிக்கலாம், அது இப்படி வெளுக்காது. காய நேரம் எடுக்கும், பொறுக்க வேண்டும். இன்னொன்று, சாதாரணத் துணி மாஸ்க் தின்னர் ஆவியைத் தடுக்காது. பெயிண்ட் ஆவிக்கென்று வடிகட்டி உள்ள மாஸ்க் வாங்குங்கள், ஸ்பிரே அடிக்கும்போது மகன் மாடிக்கு வர வேண்டாம்.

நிறத்தைப் பொறுத்தவரை, அக்காலத்துப் பிரிட்டிஷ் கடல் ரோந்து விமானங்களில் பரவலாக இருந்தது மேலே கருஞ்சாம்பல், பக்கங்களும் அடியும் வெள்ளை. கிடைக்கிற பழைய படங்களை முதலில் பார்த்து, ஒரு குறிப்பிட்ட விமானத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைதான் கடினம். பிரஷ்ஷில் அடித்தால் கோடு விழும், அதனால் வெள்ளைக்கு ஸ்பிரே, மேல்பக்கச் சாம்பலுக்கு பிரஷ். முதலில் பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, சாம்பல் நிறப் பிரைமர் (அடிப்பூச்சு) அடியுங்கள். பட்டி போட்ட இடத்தின் குறைகள் அப்போது காட்டிக்கொடுத்துவிடும். பிறகு வெள்ளையை நாலைந்து மெல்லிய பூச்சாக ஏற்றுங்கள். ஒரே பூச்சில் மூட நினைத்தால் ஓரங்களில் வழியும். கார், பைக்குக்கு விற்கும் ஸ்பிரேயைப் பயன்படுத்துவதானால், பாகங்களைத் தாங்கியிருக்கும் சட்டத்தில் முதலில் அடித்துப் பாருங்கள். சிலது பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும்.

அமெரிக்க நட்சத்திரத்தை எடுத்து வைத்துவிடுங்கள். பிரிட்டிஷ் வட்ட முத்திரையின் நடுவில் பொதுவாகச் சிவப்பு இருக்கும். ஜப்பானிய முத்திரையும் சிவப்பு வட்டம் என்பதால், இந்திய, பர்மா முனையில் சொந்த ஆட்களே குழம்பிச் சுட்டுவிடக் கூடாது என்று சிவப்பை நீக்கினார்கள். 1943-க்குப் பிந்தைய விமானம் என்று வைத்துக்கொண்டால் கருநீல வட்டத்துக்குள் வெளிர்நீல வட்டம் போதும். தனி டீக்கால் வாங்கலாம். கிடைக்காவிட்டால் காம்பஸில் பிளேடு கட்டி மாஸ்கிங் டேப்பை வட்டமாக வெட்டி, பெயிண்டாகவே போட்டுவிடலாம். எனக்குப் பிந்தையதுதான் பிடிக்கும், பெயிண்ட் முத்திரை உடம்போடு உடம்பாக உட்காரும். டீக்கால் ஒட்டுவதானால் பளபளப்பான கிளியர் பூச்சின்மேல் ஒட்டுங்கள். சொரசொரப்பில் ஒட்டினால் அடியில் காற்று நின்று வெள்ளி மாதிரி மின்னும்.

வயர்லெஸ் கம்பிக்குத் தூண்டில் நரம்பு வேண்டாம், இந்த அளவுக்கு அது தாம்புக்கயிறு. பாகங்களின் சட்டத்திலிருந்து ஒரு துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே காட்டி, இளகியதும் வெளியே எடுத்து இரண்டு பக்கமும் இழுங்கள். தலைமுடி போல நூல் வரும்.

நிறுத்தி வைக்க என் யோசனை, தண்ணீரின்மேலேயே வையுங்கள். ஒரு பலகையில் தெர்மகோலை ஒட்டி, விமானத்தின் அடிப்பாகம் அமிழ்கிற அளவுக்குக் குடைந்தெடுங்கள். அதன்மேல் ஃபெவிகாலும் தண்ணீரும் கலந்து டிஷ்யூ பேப்பரைச் சுருக்கம் விழ ஒட்டினால் சிற்றலை வந்துவிடும். இதில் மகன் உங்களை மிஞ்சிவிடுவான், பள்ளி ப்ராஜெக்டில் கை பழகியிருக்கும். ஸ்பிரே நேராகப் பட்டால் தெர்மகோல் கரையும், ஆகவே ஃபெவிகால் முழுக்க மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு பிரஷ்ஷால் அக்ரிலிக் அடியுங்கள். கடல் நீலம் வேண்டாம். பச்சையும் பழுப்பும் கலந்த ஏரித் தண்ணீர் நிறம், மேலே இரண்டு மூன்று பூச்சு பளபளப்பு வார்னிஷ். தண்ணீரில் நிற்கும்போது இறக்கை நுனி மிதவைகள் கீழே இறங்கியிருக்க வேண்டும். மேலே மடங்கினால் அவையே இறக்கை நுனியாகிவிடும், அது பறக்கும்போது மட்டும்தான்.

உங்கள் கடிதம் ஐப்பசியில் வந்திருக்கிறது. மழை இருக்கும்வரை வெட்டுவது, ஒட்டுவது, பட்டி, தேய்ப்பு, தெர்மகோல் ஏரி எல்லாவற்றையும் வீட்டுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். டீக்காலை ஜிப் கவரில் போட்டு மூடி வையுங்கள், ஈரத்தில் சுருண்டுவிடும். வெள்ளை ஸ்பிரேயைப் பொங்கல் கழிந்து, பனி விலகி வெயில் ஏறிய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுங்கள்.