பிடித்தால் போதுமா?

ஐயா, கீழக்கரையிலிருந்து எம்.எஸ்சி. வேதியியல் மாணவன் எழுதுகிறேன். சால்வென்ட் எக்ஸ்ட்ராக்‌ஷனில் (கலக்காத இரு திரவங்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு உலோகத்தை இழுக்கும் முறையில்) நியோடைமியம் போன்ற அருமண் உலோகங்களை இன்னும் வலுவாகப் பிடிக்கும் புது மூலக்கூறு செய்ய ஆசை. கரைப்பானாக அயனித் திரவம் (திரவமாகவே இருக்கும் உப்பு) சரிவருமா? நம் கடலிலிருந்து லித்தியம் எடுக்கலாமா? எந்த ஆய்வகத்தில் சேரலாம்?

அன்புள்ள தம்பி,

நம் ஊர்ப் பிள்ளை ஒருவர் இதைக் கேட்பதே சந்தோஷம். லித்தியத்தை விடுங்கள், கடல்நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்கூடத் தேறாது. அயனித் திரவத்தின் விலையை விசாரித்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.

'இன்னும் வலுவாக' என்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம். பிடித்தால் போதுமா, விட வேண்டாமா? உலோகம் அமிலக் கரைசலிலிருந்து, பிடிக்கும் மூலக்கூறைக் கரைத்து வைத்த மண்ணெண்ணெய்க்குள் ஏறுவது பாதி வேலை. ஸ்ட்ரிப்பிங்கில், அதாவது கழற்றும் கட்டத்தில், மறுபடி அமிலத்துக்குள் இறங்கினால்தான் கைக்கு வரும். இறங்காதது எண்ணெயிலேயே தங்கி, அடுத்த சுற்றுக்கு இடமில்லாமல் செய்யும். டி2இஎச்பிஏ என்ற மூலக்கூறு நன்றாகத்தான் பிடிக்கிறது. ஆனால் இட்டர்பியம், லுட்டீசியம் மாதிரி கனமான அருமண்களைக் கழற்ற அடர்ந்த அமிலம் கேட்கும். பி507 என்ற இன்னொரு மூலக்கூறு அதைவிடப் பலவீனமானது, குறைந்த அமிலத்திலேயே விட்டுவிடும். ஆலைகள் அதைத் தேடிப்போனது அந்தப் பலவீனத்துக்காகவும்தான்.

பிரசியோடைமியமும் நியோடைமியமும் அயனி அளவில் மயிரிழைதான் வித்தியாசம். ஒரு தடவை கலக்கித் தெளிய வைத்தால் கொஞ்சம்தான் பிரியும். அதனால்தான் தொட்டிகளை நூற்றுக்கணக்கில் வரிசையாக வைக்கிறார்கள். இரண்டையும் ஒரே மாதிரி பத்து மடங்கு இறுக்கிப் பிடிக்கும் மூலக்கூறைக் கொண்டுவந்தால் அந்த வரிசையில் ஒரு தொட்டிகூடக் குறையாது. பாடம் எடுத்தவர் இதைச் சொல்லவில்லையா?

வாலிநோக்கம் பக்கத்து உப்பளத்தில் என் மாமா கங்காணி. ஜிப்சம் படியும்வரை நீரை வேறு பாத்தியில் நிறுத்தி வைத்து, 25 டிகிரி பாமே (உப்புநீரின் அடர்த்தியைச் சொல்லும் அளவு) வந்த பிறகுதான் உப்புப் பாத்தியில் விடுவார். 29 தாண்டினால் வடித்துவிடச் சொல்வார். "இன்னும் உப்பு இருக்கே மாமா" என்றால் முறைப்பார். பேராசைப்பட்டு அதையும் காயவிட்டால் மெக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும், ஈரக்காற்றில் நீர்விட்டு ஒழுகும். பாத்திக்குப் பாத்தி நடந்து, எதை எப்போது விடுவது என்பதைத்தான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பார். முதுகலையில் எனக்கு யாரும் அப்படிச் சொல்லித்தரவில்லை.

சரி, ஆய்வகம் கேட்டிருந்தீர்கள். கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் இந்த வேதியியலில் நெடுங்காலமாக வேலை நடக்கிறது, விண்ணப்பம் போடுங்கள். அதற்கு முன்னால், உங்கள் மூலக்கூறிலிருந்து உலோகத்தை எந்த அமிலத்தில், எவ்வளவு அடர்த்தியில் கழற்றப் போகிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி எனக்கு அனுப்புங்கள். அது வராமல் அடுத்த கடிதத்துக்குப் பதில் கிடையாது.