சொத்தை வெள்ளையாக இருக்கும்போதே: ஃபுளோரைடு வார்னிஷ் பற்றிய கேள்வி பதில்

என் மகளுக்கு நான்கு வயது. மேல் முன்பற்களில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு பூசியதுபோல் ஒரு கோடு. வலி இல்லை. வார்னிஷ் பூசினால் சரியாகும் என்கிறார்கள். சொத்தை சரியாகுமா, டாக்டர்?

இந்தக் கட்டத்தில் சரியாகும், அம்மா. குழந்தைகளின் பற்களைப் பார்க்கும் மருத்துவனாக நான் அதிகம் விரும்பும் கட்டமே இதுதான். ஊசி வேண்டாம், துளையிட வேண்டாம். வார்னிஷ் என்பது ஃபுளோரைடு என்ற தாது உப்பு கலந்த, பல்லில் ஒட்டிக்கொள்ளும் பூச்சு.

வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. பிஎச் அளவு (அது குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5-க்குக் கீழே இறங்கும்போது, பல்லின் கடினமான மேலுறையான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறுகின்றன. மேற்பரப்பு பெரும்பாலும் அப்படியே நிற்க, அதற்கு அடியில் நுண்துளைகள் விழுகின்றன. நீங்கள் பார்க்கும் வெண்மை அதுதான். மேற்பரப்பு உடையாதவரை, உமிழ்நீரிலுள்ள தாதுக்கள் அந்தத் துளைகளுக்குள் திரும்பச் சென்று படியும். ஃபுளோரைடு அதை விரைவுபடுத்துகிறது. புதிதாகப் படியும் தாது, இழந்ததைவிட அமிலத்தை நன்றாகத் தாங்கும். அதனால்தான் அந்த இடத்தைக் கூரான கருவியால் குத்திப் பார்க்கக் கூடாது. காப்பாற்ற வேண்டிய மேற்பரப்பை நாமே உடைத்துவிடுவோம்.

பற்பசையிலும் ஃபுளோரைடு இருக்கிறதே, வார்னிஷ் எதற்கு?

வழக்கமான ஃபுளோரைடு பற்பசையில் 1,000 முதல் 1,500 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் அத்தனை பங்கு ஃபுளோரைடு. பரவலாகப் பயன்படும் 5 சதவீத சோடியம் ஃபுளோரைடு வார்னிஷில் 22,600. அது பல்லில் மணிக்கணக்கில் ஒட்டிக்கொண்டு, கால்சியம் ஃபுளோரைடாகச் சேமிப்பும் வைத்துவிட்டுப் போகிறது. ஆனால் பற்பசையின் வேலை தினசரி வேலை. வார்னிஷ் பூசியாயிற்று என்று பல் துலக்குவதில் அசட்டையாக இருந்தால் பலன் கிடைக்காது.

அவ்வளவு அதிகமா? குழந்தை விழுங்கிவிட்டால்?

கவலை நியாயமானது. செறிவு அதிகம், பூசும் அளவு மிகக் குறைவு: சிறு குழந்தைக்கு 0.25 மில்லி போதும். உமிழ்நீர் பட்டதும் இறுகிவிடுவதால் ஒரே மடக்காக வயிற்றுக்குள் போவதில்லை. அதில் சேரும் பிசினுக்கு ஒவ்வாமை இருந்தாலோ, வாயில் புண் இருந்தாலோ மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பூசிய பிறகு பல் மஞ்சளாகிவிட்டது. தேய்த்து எடுக்கலாமா?

வேண்டாம். சில வார்னிஷ்களின் நிறமே அது, துலக்கியதும் போய்விடும். மருத்துவர் சொன்ன நேரம்வரை, பொதுவாக நான்கு முதல் ஆறு மணி நேரம், துலக்காமல் விடுங்கள். அதுவரை சூடானதும் கடினமானதும் வேண்டாம்.

எனக்குப் பல்லில் சின்னக் குழியே விழுந்துவிட்டது. வார்னிஷ் அடைக்குமா?

அடைக்காது. தாது திரும்பப் படியும். உடைந்து விழுந்த இடம் வளராது. குழி விழுந்த பல்லை நேரில் காட்டுங்கள், நிரப்ப வேண்டியிருக்கலாம். இதைச் சொல்ல எனக்கு ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அந்தக் குழிக்கு முன்னால் பல மாதங்கள் அது வெறும் வெள்ளைப் புள்ளியாக இருந்திருக்கும்.

பல்லில் கம்பி போட்டிருந்தேன். கழற்றியதும் வெள்ளைத் திட்டுகள். வார்னிஷ் பூசியும் முழுதாக மறையவில்லை. தோல்வியா?

இல்லை. நிறத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். மங்கலாக, சொரசொரப்பாக இருந்தால் சொத்தை இன்னும் நடக்கிறது. பளபளப்பாக, வழவழப்பாக மாறியிருந்தால் அது நின்றுவிட்டது. வெண்மை மட்டும் தழும்புபோல் மிஞ்சலாம். தோற்றம் உறுத்தினால், பிசினை உள்ளே ஊறவைத்து வெண்மையைக் குறைக்கும் சிகிச்சை இருக்கிறது.

எத்தனை முறை பூச வேண்டும்?

பொதுவாக மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை. சொத்தை வரும் வாய்ப்பைப் பொறுத்து மருத்துவர் முடிவு செய்வார். இடைப்பட்ட நாட்களில் இனிப்பின் அளவைவிட எத்தனை தடவை என்பதைக் கவனியுங்கள். நாள் முழுக்கக் கொறித்தால் உமிழ்நீருக்குப் பல்லைச் சீர்செய்ய நேரமே கிடைக்காது. இரவு துலக்கிய பின் நுரையைத் துப்புங்கள், தண்ணீர் விட்டு வாய் கொப்பளிக்காதீர்கள். முதல் கேள்வி கேட்ட அம்மாவுக்கு: மகளுக்குப் பட்டாணி அளவு பற்பசை போதும், துலக்கிவிடுவது உங்கள் கையாகவே இருக்கட்டும். வாரம் ஒருமுறை அவள் மேலுதட்டைத் தூக்கி, வெளிச்சத்தில் அந்தக் கோட்டைப் பாருங்கள்.