சிப்பாய்க்குப் பாடம் சொன்ன கார்ட்டூன்

கேள்வி: போர்க்காலத்தில் சிப்பாய்களுக்குக் கார்ட்டூன் காட்டிப் பாடம் நடத்தினார்களாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்துக்காக வார்னர் பிரதர்ஸ் தயாரித்த 'பிரைவேட் ஸ்னாஃபூ' படங்கள் 1943 முதல் 1945 வரை வந்தன. ஒவ்வொன்றும் நாலைந்து நிமிடம்தான். ஸ்னாஃபூ எதையும் தப்பாகவே செய்கிற சிப்பாய். 'ஸ்பைஸ்' படத்தில் கப்பல் பயண ரகசியத்தை அம்மாவிடம் போனில் கொஞ்சம், கடையில் கொஞ்சம், அப்புறம் குடிபோதையில் ஒரு பெண்ணிடம் மிச்சம் என்று உளறிவிட, அவளோ நாஜி உளவாளி, நடுக்கடலில் நீர்மூழ்கிகள் சூழ்ந்துகொள்ள நரகத்துக்கே போய்ச் சேருகிறான். அதிகம் படிக்காத சிப்பாய்க்கும் புரியவேண்டும் என்று யோசித்தார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.